விற்பனைக்கு அல்ல என்று எழுதிய கம்பளிகள்

கம்பளியை ஒருவர் தோளில் போர்த்தலாம். போர்த்தும்போது கொடுப்பவரின் இரண்டு கைகளும் அழகாக விரியும், வாங்குபவரின் தலை தானாகக் கொஞ்சம் குனியும். படம் எடுப்பவருக்குச் சிரமமே இல்லை. ரப்பர் பூட்ஸை அப்படிப் போர்த்த முடியாது. கையில் தூக்கி நீட்டத்தான் வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு பெரிய மனிதரை வரவழைத்து, மாலை போட்டு, அவர் கையில் ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்து, "இதை அந்த அம்மாவிடம் கொடுங்கள்" என்று யார் சொல்வது?

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் நாங்கள் பல வருடம் கொடைக்கானல் மேல்மலையிலுள்ள பூண்டி கிராமத்தில் கம்பளி கொடுத்தோம். அதனால் ஒரு பெண்ணின் கால் விரல்கள் இரண்டு போயின. அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வருத்தமான விஷயந்தான். ஆனால் இதில் வருகிறவர்கள் யாரும் வருத்தமான மனிதர்கள் இல்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவிக்கு அங்கத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கொடைக்கானலுக்கு வந்தோம். இங்கே என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவர் வங்கி மேலாளராக இருந்தவர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வாரம் ஒருநாள் கூடுவோம். உலகம் கெட்டுப்போனதைப் பற்றிப் பாதி நேரம் பேசுவோம். அதை எப்படிச் சரிசெய்வது என்று மீதி நேரம் பேசுவோம். நடுவில் மிளகாய் பஜ்ஜி வரும்.

எங்கள் சங்கத்தின் பெரிய காரியம் கம்பளி. தை மாதம், மேல்மலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, வேனில் கம்பளிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு பூண்டிக்குப் போவோம். கம்பளி வாங்கித் தருபவர் கரூர்ப் பக்கத்தில் மில் வைத்திருந்த ஒரு முதலாளி. நல்ல மனிதர். காலமான தம் தாயாரின் பெயரை ஒவ்வொரு கம்பளியின் மூலையிலும் சின்னத் துணியில் அச்சடித்துத் தைத்து அனுப்புவார். அவரே வருடா வருடம் வந்து தம் கையால் போர்த்துவார்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேரட் கழுவுகிற பெண்கள். பூண்டியில் விளையும் கேரட்டை மண்ணோடு மார்க்கெட்டுக்கு அனுப்ப முடியாது. ஓடையில் முழங்கால் தண்ணீரில் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்று, வலையில் கேரட்டைக் கொட்டி, தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிக் கழுவுவார்கள். லாரி மதியத்துக்குள் கீழே இறங்க வேண்டும் என்பதால் வெள்ளனே ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தண்ணீரில் நான் ஒருமுறை விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன். விட்டதும் எடுத்துவிட்டேன்.

எங்கள் விழா காலை பத்து மணிக்கு என்று சொல்லுவோம். முதலாளி வழியில் பள்ளத்தாக்கு தெரிகிற இடத்திலெல்லாம் காரை நிறுத்துவார். பன்னிரண்டரை ஆகிவிடும். அந்தப் பெண்கள் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். அது அவர்களுக்கு ஒருநாள் கூலி என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர்கள் காத்திருப்பதைப் பார்த்து, எவ்வளவு ஆவலாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களில் ஒருத்திக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். எட்டுப் பேர் கொண்ட கழுவுகிற செட்டுக்கு அவள்தான் மூத்தவள். எல்லோரும் 'பெரியக்கா' என்று கூப்பிடுவதால் நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, தோளில் கம்பளி விழுந்து படமும் எடுத்து முடிந்ததும், அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீக. வீட்ல கம்பளி நாலு கெடக்கு. அடுத்த வருசம் இதுக்குப் பதிலா காலுக்கு ரப்பர் பூட்சு குடுங்க. இந்தத் தண்ணில நின்னு நின்னு காலு வெடிச்சுப் போச்சு."

"சொல்றேம்மா" என்றேன்.

சொல்லவும் செய்தேன். தலைவர் கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், அவர் நமக்கு எவ்வளவு பெரிய டோனர். அவர் கையில காலுக்குப் போடறதைக் கொடுத்து நீட்டச் சொல்லுவீங்களா? அதை வாங்கறவங்களுக்கும் மரியாதையா அது? செருப்பை நீட்டின மாதிரி இருக்காதா?"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருவர், "அதுவுமில்லாம, வேலைக்கு வேண்டிய பூட்ஸைத் தோட்டத்து முதலாளி இல்ல வாங்கித் தரணும்? அவர் கடமையை நாம ஏன் செய்யணும்?" என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றைக்கும் சரியான பதில் தெரியாது. அன்றைக்கு அது மிகவும் வசதியான கேள்வியாக இருந்தது. கேட்டவர் உட்பட எங்களில் யாரும் தோட்டத்து முதலாளியிடம் போய்க் கேட்கவில்லை. அடுத்த வருடமும் கம்பளி கொடுத்தோம்.

பெரியக்கா மறுபடி கேட்கவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் சமாதானமாகவெல்லாம் ஆகவில்லை. தன் வழியில் காரியத்தை முடித்துக்கொண்டாள். அது எனக்குத் தெரிய வந்தது, கொடைக்கானலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற வட்டக்கானலில்.

ஒரு வருடம் மில் முதலாளி, "என் பையன் சொன்னான், வட்டக்கானல்ல தங்கினாத்தான் தங்கினதாம்" என்று அங்கே ஒரு விடுதியில் அறை எடுத்தார். காலையில் அவரைக் கூட்டிப் போக நான் ஜீப்பில் போனேன். பால்கனியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உடம்பைச் சுற்றி ஒரு காவி நிறக் கம்பளி. பச்சைக் கரை. மூலையில் சின்னதாக ஒரு துணி.

"உக்காருங்க சார். என்னா குளிர்! இந்தக் கம்பளி மட்டும் இல்லைன்னா செத்திருப்பேன். இவங்க எங்க வாங்கினாங்கன்னு கேளுங்க, நம்ம சரக்கைவிட நல்லா இருக்கு."

அவருடைய தாயாரின் பெயர் அவருடைய முழங்கை அருகில் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். "கேக்கறேன் சார்" என்று சொல்லி, அவர் கண்ணாடியை எடுப்பதற்குள் கம்பளியை மடித்து உள்ளே வைத்தேன். அன்றைக்கே அதே போன்ற கம்பளிகளை அவர் கையால் பூண்டியில் போர்த்தவைத்தேன். பெரியக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றப்பட்டுவிட்டோம் என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விசாரிக்க இறங்கினேன். விடுதிக்காரர் மூஞ்சிக்கல் பஜாரில் ஒரு கடையைச் சொன்னார். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, குடை, பூட்ஸ் எல்லாம் விற்கிற கடை. கடைக்கார பாயை எனக்கு நன்றாகத் தெரியும். என் குடைகள் எல்லாம் அங்கே வாங்கியவைதான். திருட்டைக் கண்டுபிடித்த போலீஸ்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அவருக்கு ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை.

"ஆமா சார், நம்ம கிட்டதான் வருது. தை மாசம் முடிஞ்சா பூண்டிப் பொம்பளைங்க கம்பளியைக் கொண்டாந்து குடுத்துட்டு பூட்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. புதுசு, ஒரு அழுக்கு இருக்காது. நான் வட்டக்கானலுக்கு அனுப்பிருவேன். உங்க சங்கத்தால எனக்கும் நாலு காசு, அவங்களுக்கும் காலு காய்ஞ்சு இருக்கு, வெள்ளைக்காரங்களும் நல்லா தூங்கறாங்க. நீங்க குடுக்கறது ஒண்ணுகூட வீணாப் போகல சார். அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்."

நான் சந்தோஷப்படுவேன் என்று அவர் நினைத்தார். பட்டிருக்க வேண்டும். எங்கள் ஏழு பேரின் படிப்பாலும் அனுபவத்தாலும் முடியாத ஒரு காரியத்தை ஒரு பெண்ணும் ஒரு கடைக்காரரும் ஒரு கூட்டம்கூடப் போடாமல் முடித்திருந்தார்கள். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. ஒருவர் தாயின் நினைவாகக் கொடுத்ததை விற்பதா? கொடுத்த பிறகு அந்தக் கம்பளி யாருடையது என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொடுத்த பின்னும் அது என்னுடையதாகவே இருந்தது என்பதுதான் உண்மை. அவர்கள் அதை எங்களுக்காகப் போர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த தைக்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தகரத்தில் எழுத்து வெட்டுகிற ஒருவரிடம் போய் ஓர் அச்சு வெட்டி வாங்கினேன். கரூரிலிருந்து கம்பளிகள் வந்ததும் என் வீட்டு முற்றத்தில் விரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளைப் பெயின்டில், ஒரு சாண் எழுத்தில், 'விற்பனைக்கு அல்ல' என்று நானே அடித்தேன். மூன்று நாள் வேலை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்து, "போர்வையை வாங்கினவங்க எதுக்குங்க போர்டு மாட்டிக்கிட்டுத் தூங்கணும்?" என்றாள். ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டேன். உள்ளே போய் இடுப்புக்குத் தைலம் எடுத்து வந்தாள்.

பூண்டியில் கம்பளியைப் பிரித்துப் பார்த்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியக்கா அதை அகலமாக விரித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சார், இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா, எழுத்து எங்க மேல ஒட்டிக்கிடுமா? வீட்டுக்காரரு பாத்துட்டு, சரி இது விக்கிறதுக்கு இல்லைன்னு விட்ருவாரு."

கூட்டமே சிரித்தது. மில் முதலாளிகூட எதற்கென்று தெரியாமல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டேதான் போனாள். அந்தக் கம்பளியை எந்த விடுதியும் வாங்காது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் பூண்டியில் பெரியக்காவைக் காணவில்லை. அவள் செட்டிலேயே இளையவளான ஒருத்தியிடம் கேட்டேன்.

"அவுக வரல சார். இடது கால்ல ரெண்டு வெரலை எடுத்துட்டாங்க, மதுரைல."

"ஐயோ, எப்படி?"

"வெடிச்ச காலோட தண்ணில நின்னாக. கல்லு வெட்டுனது தெரியல, மரத்துப் போயிருந்துச்சு. சக்கர வேற இருக்கு. சீழ் வச்சிருச்சு."

"பூட்ஸ் போட்டிருந்தாங்களே?"

"பழசு கிழிஞ்சு போச்சு சார்." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு சொன்னாள்: "புதுசு எங்க எடுக்க? கம்பளியைத்தான் விக்க முடியாதே."

பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, செயலாளர் நன்றியுரை வழங்குவார் என்று அறிவித்தார்கள். போய் வழங்கினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

பெரியக்காவைப் பார்க்கப் போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில் இல்லை. பூண்டுக் கிடங்கில் உட்கார்ந்து பூண்டின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தோல் பறந்துகொண்டிருந்தது. இடது காலில் துணிச்செருப்பு. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், கம்பளி கொண்டாந்தீகளா?" என்றாள்.

ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பால்கனியில் பார்த்தது, பாயிடம் விசாரித்தது, அச்சு வெட்டியது. எழுத்து அடித்தவன் நானே என்றதும் அறுப்பதை நிறுத்தினாள்.

"நீங்களேவா அடிச்சீக? ஆள் வச்சுச் செஞ்சிருப்பீகன்னுல்ல நெனச்சேன். எல்லாம் ஒரே நேரா இருந்துச்சே."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் இன்னும் இரண்டு பூண்டின் தாளை அறுத்தாள்.

"கோவம் இருந்துச்சு சார், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரில படுத்துக் கெடக்கையில உங்களை ரொம்ப வஞ்சேன். ஆனா சக்கரைக்கு மாத்திரை போடாம விட்டது நீங்க இல்லையே. அது என் சோலி. பாதிக்குப் பாதின்னு வச்சுக்கிடுவோம்."

"பாதி இல்ல, முழுசும் என் பேர்லதான்."

"என் காலு. பங்கு பிரிக்கிறதையும் நீங்களே பிரிப்பீகளா?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று அப்போதுதான் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"செட்டுக்குத் திரும்பணும். இங்க கூலி பாதிதான். அது கூடப் பரவால்ல, பேசுறதுக்கு ஒரு ஆள் இல்ல பாருங்க. இந்தப் பூண்டோட எம்புட்டு நேரம் பேசுறது? ஆனா அந்த மேஸ்திரி, ஒரு முழு லோடு நின்னு காட்டு, அப்புறம் பாப்போம்கிறாரு. ஆஸ்பத்திரில தண்ணி படக் கூடாதுங்கிறாக. சாதாப் பூட்சு போட்டா, முன்னாடி காலி இடத்துல காலு வழுக்கி ஓடி உரசுது. புண்ணு மறுபடி வந்தா அடுத்தது பாதம்னு சொல்லிட்டாக."

அப்படியானால் தேவை இதுதான்: தண்ணீர் நுழையாமல், உரசாமல் அந்த இடது காலுக்குப் பொருந்துகிற ஒரு பூட்ஸ். இவ்வளவு சின்ன வேலைக்குச் சங்கம் எதற்கு என்று நினைத்தேன். அங்கேயே ஒரு செய்தித்தாளை விரித்து, அவள் காலை வைக்கச் சொல்லி, குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "ஐயே, பொரபசர் வந்து காலைப் பிடிக்கிறாரே" என்று கிடங்குக்கே கேட்கும்படி கத்தினாள்.

அந்தத் தாளைப் பாயிடம் கொண்டுபோனேன். விஷயம் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பிறகு எழுந்து பூட்ஸ் அடுக்கைக் கலைக்க ஆரம்பித்தார். வலதுக்கு ஆறாம் நம்பர், இடதுக்கு மூன்றாம் நம்பர் என்று இரண்டு ஜோடியைப் பிரித்து ஒரு ஜோடி ஆக்கினார்.

"மிச்சத்துல வலது சின்னது, இடது பெருசு. அப்படி ஒரு ஆளையும் நாமதான் சார் தேடிப் புடிக்கணும்."

மூன்றாம் நம்பரில் அவள் கால் நுழையவே இல்லை. விரல் போனால் கால் நீளம்தான் குறையும், அகலம் குறையாது என்பது தாவரவியல் படித்தவனுக்குத் தெரியவில்லை. அடுத்ததாக ஆறாம் நம்பர் பூட்ஸுக்குள் முன்பக்கம் மெத்தைப் பஞ்சை வைத்துப் பார்த்தோம். இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து பார்த்தவள், பஞ்சு வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது என்றாள். சுகாதார நிலையத்து நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "சார், நீங்க படிச்சவங்க" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன சொல்லியிருந்தாலும் தகும்.

அந்த நர்ஸ்தான் மதுரையில் சர்க்கரைக் காலுக்கென்று செருப்பு செய்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னார். தொலைபேசியில் பேசினேன். பேப்பரில் வரைந்த அளவு இருக்கிறது, அனுப்பட்டுமா என்றேன். அவர் சிரித்தார்.

"பேப்பர் நடக்குமா சார்? காலைக் கூட்டிட்டு வாங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் சங்கத்தின் கூட்ட அறையில் எழுதி மாட்டியிருக்கலாம். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். பெரியக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "பஸ்ஸுக்கு மட்டும் குடுங்க சார். நானும் இளையவளும் போயிட்டு, சோலிய முடிச்சுட்டு, அப்படியே ஒரு படமும் பாத்துட்டு வருவோம். நீங்க வந்தா அது முடியாது" என்றாள். போனார்கள். படம் நன்றாக இல்லையாம். அதைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள். கால் அச்சுக்கு ஏற்ற மாதிரி, மெத்தென்ற ரப்பரில் முன்பக்கம் அடைத்த ஓர் அட்டையைப் பூட்ஸுக்குள் பொருத்திக் கொடுத்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பஜ்ஜி ஆறிப்போனது. தலைவர் என்னைத் திட்டவில்லை. "செருப்பை நீட்டின மாதிரின்னு சொன்னது நான்தானே" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இன்னும் எனக்கு நெருக்கமானார். இரண்டு பேர், இப்படியெல்லாம் யோசித்தால் யாருமே தர்மம் செய்ய முடியாது என்று விலகிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கொடுக்கிறவனுக்கு ஒரு சந்தோஷம் வேண்டித்தான் இருக்கிறது. அதைக் குறை சொன்னால் பாதிக் கொடை நின்றுபோகும். இன்றைக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கிறவர்களைப் பூண்டி வழியில் பார்க்கும்போது எனக்குச் சிரிக்க உரிமை இல்லை. நான் செய்ததும் அதேதான், கொஞ்சம் பெரிய பாக்கெட். ஆனால் அந்தச் சந்தோஷம் வருவதற்கு வாங்குகிறவர் முகம் வாடாமல் நடிக்க வேண்டியிருந்தால், அந்தக் கொடைக்குக் கூலி வாங்காமல் உழைப்பவர் அவர்தான். நான்கு கம்பளி இருந்தும் ஐந்தாவதை வாங்கி, தலை குனிந்து, படத்துக்கு நின்று, பன்னிரண்டரை வரை காத்திருந்து, எங்கள் ஏழு பேரையும் நல்லவர்களாக உணரவைத்தார்கள். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று இப்போது எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

மில் முதலாளியிடம் வட்டக்கானல் கம்பளியைப் பற்றி நானே சொன்னேன்.

"அன்னைக்கு நான் போத்தியிருந்தது அம்மா கம்பளியா?" என்றார். "அதான் சார், அப்படி ஒரு தூக்கம்."

அவர் இன்னும் அனுப்புகிறார், இப்போது கம்பளியாக இல்லை, பணமாக. முன்பு இருந்த அளவுக்கு இல்லை, படம் கிடையாது என்றதும் கொஞ்சம் குறைத்துவிட்டார். அந்தப் பணம் பாயின் கடைக்குப் போகிறது. பெண்கள் தங்களுக்கு வேண்டிய நாளில் போய் வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி கம்பளிதான் வேண்டும் என்று கம்பளியே எடுத்தாள்.

பெரியக்கா மேஸ்திரிக்கு நின்று காட்ட வேண்டிய நாள் மார்கழி முடிவில் வந்தது. ஒரு முழு லோடு முடியும்வரை தண்ணீரைவிட்டு ஏறக் கூடாது. பின்தங்கினால் மறுபடி பூண்டுக் கிடங்குதான். வர வேண்டாம் என்று அவள் சொல்லியும் நான் போனேன். சூரியன் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு மேல் வந்திருந்தது. கரையில் கேரட் மலை மாதிரி குவிந்து கிடந்தது. பெரியக்கா காலுறை மாட்டி, பூட்ஸை இழுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினாள்.

"ஏத்தா, புதுப்பொண்ணு மாதிரி அடி வச்சு எறங்குறதைப் பாரு!" என்றாள் இளையவள்.

"வாய மூடிட்டு வலையப் பிடி."

வலை ஆட ஆரம்பித்தது. முதல் அரைமணி நேரம் நான் வலையைப் பார்க்கவில்லை, அவள் முழங்காலைத்தான் பார்த்தேன். தண்ணீர் பூட்ஸின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே ஓடியது. "தண்ணி உள்ள போகுதாம்மா?" என்று நான்கு தடவை கேட்டிருப்பேன். ஐந்தாவது தடவை அவள் நிமிர்ந்து, "சார், நீங்க கேக்குற கேள்விக்குக் கண்ணுலதான் தண்ணி வரும் போல" என்றாள். ஒருமுறை அவள் நின்று, இடது காலை மெல்ல மாற்றி வைத்தாள். மேஸ்திரி பார்த்தார். நானும் பார்த்தேன். "கல்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினாள். மண்நிறக் குவியல் குறைந்து, மறுபக்கம் செக்கச்செவேலென்று இன்னொரு குவியல் உயர்ந்தது. செட்டில் யாரும் அவளுக்காக மெதுவாகச் செய்யவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

கடைசி வலை ஏறியதும் அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். காலுறையை உருவி, பிழிவதுபோல் முறுக்கிக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி காலைத் தூக்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தழும்பு இருந்த இடம் வெளுத்தேதான் இருந்தது, சிவப்பு இல்லை. போன விரல்கள் போனவைதான். அந்த வெற்றிடத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன்.

மேஸ்திரி லாரிப்பக்கம் திரும்பிக்கொண்டே, "நாளைக்கு வெரசா வந்துரு, ரெண்டு லோடு இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவள் "ம்" என்றாள். அவள் சொன்னதும் அவ்வளவுதான்.

எனக்குத்தான் என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. பல வருடம் நன்றியுரை வழங்கிய வாய். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

"சார், சார், தள்ளுங்க, மூட்டை வருது!"

அவசரமாகத் தள்ளி நின்றேன். நின்ற இடம் ஓடை. என் தோல் ஷூ இரண்டும் கணுக்கால்வரை தண்ணீருக்குள் இறங்கின. குளிர் எலும்பில் ஏறியது. நான் போட்ட சத்தத்தில் லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். எட்டுப் பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பெரியக்கா சிரித்துச் சிரித்து, பாறையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஏடி, சாருக்கு ஒரு பூட்சு எடுத்துக் குடுங்கடி! பாவம், இல்லாத மனுசன்!"

"எட்டாம் நம்பர்" என்றேன்.